ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல போய் மெட்ரோ மாறுன கதை

அக்கா வீடு சென்னை நங்கநல்லூர்ல. மாம்பழ சீசன் வந்துட்டா அப்பாவுக்கு சேலத்துல இருப்பு கொள்ளாது, பேத்திங்களுக்கு மல்கோவா கொண்டு போய் குடுத்தே ஆகணும். முன்னெல்லாம் புது பஸ் ஸ்டாண்டுல ஏறுனா கோயம்பேட்டுல எறக்கி விட்டுருவாங்க, இப்ப நம்மூர் பஸ்ஸு கிளாம்பாக்கத்தோட சரி, அங்க இன்னும் மெட்ரோவும் வரல, ரெண்டு பை பழத்தையும் அப்பாவையும் வச்சுகிட்டு அங்கேருந்து மாறி மாறி போறதுக்கு ட்ரெயினே தேவலன்னு ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல புக் பண்ணிட்டேன்.

அதுல ஒரே தொல்லை, விடியறதுக்கு முன்னாடியே சென்ட்ரல்ல எறக்கி விட்டுரும். மெட்ரோ 5 மணிக்கு தான் ஆரம்பிக்கும். அதுக்குள்ள வெளிய போனீங்கன்னா ஆட்டோக்காரங்க விட மாட்டாங்க, பேசாம ஸ்டேஷன் உள்ளயே உக்காந்துருங்க. நாங்க தட்டுவடைய பிரிச்சு தின்னுகிட்டு உக்காந்திருந்தோம்.

அஞ்சு மணிக்கு கீழ எறங்குனா முதல் பஞ்சாயத்து ஸ்கேனர்ல. பைய பெல்ட்டுல வைக்க சொன்னாங்க, அப்பா குடுக்கவே இல்ல. "ஏம்மணி, இந்த கதிர் பட்டா பழம் வெம்பிப் போயிராதா?"ன்னு அந்த செக்யூரிட்டி பொண்ணுகிட்ட கேக்கறாரு. அது சிரிச்சுகிட்டே "ஒண்ணும் ஆகாதுங்க ஐயா, வைங்க"ன்னுச்சு. பை அந்தப் பக்கம் வந்ததும் ஒரு பழத்த எடுத்து மோந்து பாத்துட்டு தான் நகந்தாரு.

டிக்கெட் ஒண்ணும் கஷ்டம் இல்ல. வாட்ஸ்அப்லயே எடுக்கலாம், எவ்ளோ தூரம் போனாலும் அதிகபட்சம் 50 ரூவா தான். அப்பா கையில ஏதாச்சும் இருந்தா தான் நம்புவாருன்னு கவுண்டர்ல பேப்பர் டிக்கெட்டா வாங்குனேன். கேட்டுல அந்த கட்டம் போட்ட க்யூஆர கண்ணாடி மேல காட்டுனா தொறக்கும்.

இங்க தான் நான் சொதப்புனது. 2015ல மெட்ரோ மொத மொத ஓடுனப்ப கோயம்பேட்டுலேருந்து ஆலந்தூர் வரைக்கும் தான் இருந்துச்சு, நான் அப்ப அதுல தான் அக்கா வீட்டுக்கு போவேன், அதனால என் மண்டைல மெட்ரோன்னா கோயம்பேடு வழின்னே பதிஞ்சு போச்சு. சென்ட்ரல்ல பச்சை லைன், நீல லைன் ரெண்டும் பூமிக்கு அடியில வேற வேற அடுக்குல இருக்கு. நான் பாட்டுக்கு கோயம்பேடு பேர பாத்ததும் பச்சைல கூட்டிட்டு போயிட்டேன். நங்கநல்லூருக்கு நேரா போறது நீலம், தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி வழியா போய் விமான நிலையத்துல முடியும். பச்சை பரங்கிமலை போறது, ஊர சுத்திகிட்டு போகும்.

பிளாட்பாரத்துல கண்ணாடி கதவு மூடியே இருக்கும், ட்ரெயின் வந்தா தான் தொறக்கும். அப்பா, "ஏண்டா லிப்டுக்கா நிக்கிறோம், ட்ரெயின் எங்க?"ங்கறாரு.

எழும்பூர் தாண்டி நேரு பார்க்குன்னு அறிவிப்பு வரும்போது தான் எனக்கு உறைச்சுது. பக்கத்துல இருந்த தம்பி, "பரவால்லண்ணா, ஆலந்தூர்ல ரெண்டு லைனும் சேரும், வெளிய போகாம மாறிக்கோங்க, அங்கேருந்து நங்கநல்லூர் ரோடு அடுத்த ஸ்டேஷன் தான்"ன்னான். சரின்னு உக்காந்துட்டோம். திருமங்கலம் வரைக்கும் சுரங்கம், அதுக்கப்புறம் வண்டி மேல ஏறி வெளிச்சத்துக்கு வந்துச்சு பாருங்க, அப்பா மொகத்த பாக்கணுமே. கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட மேலேருந்து பாத்துட்டு "எத்தன ராத்திரி இங்க படுத்திருக்கேன்"ன்னு எந்திரிச்சே நின்னுட்டாரு. வடபழனி பக்கம் ரெண்டாவது கட்ட வேலை நடக்குது. அந்த கட்டத்துக்கு சுரங்கம் தோண்டுற மெஷின்ல ஒண்ணுக்கு நம்ம ஆத்தூர் பக்கத்து கல்வராயன் மலை பேராம், அந்த தம்பி தான் சொன்னான். அதைக் கேட்டதுலேருந்து அப்பாவுக்கு மெட்ரோவே ஆத்தூர்க்காரங்க கட்டுனது மாதிரி ஆயிருச்சு.

ஆலந்தூர்ல மாடி மாறி நீல லைன் புடிச்சோம். எறங்கி கேட்டுக்கு வந்தா அப்பா டிக்கெட்டு வேலை செய்யல. மடியில வெத்தல பொட்டலத்தோட சேத்து சுருட்டி வச்சிருந்திருக்காரு, ஈரத்துல ஊறி அந்த கட்டமெல்லாம் கலங்கிருச்சு. வெளிய வர்றதுக்கும் அதே டிக்கெட்ட காட்டணும், அதனால பெரியவங்க கையில குடுக்காதீங்க, நீங்களே வச்சுக்கோங்க. ஆள கூப்புட்டு விஷயத்த சொன்னதும் பாத்துட்டு வெளிய விட்டாங்க.

ஊருக்கு திரும்பும்போது வெவரமா நீல லைன்லயே நேரா சென்ட்ரலுக்கு கூட்டிட்டு வந்தேன். சின்னமலை தாண்டுனதும் வண்டி பூமிக்குள்ள போயிருது, கடைசி வரைக்கும் ஒரே இருட்டு. அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலையே பாத்துகிட்டு இருந்தாரு, அப்புறம், "அந்த கோயம்பேடு வண்டியிலயே போயிருக்கலாம்லடா"ன்னாரு.