எங்கள் துறைக்கு மட்டும் கோடு கம்மியா?

ஆண்டறிக்கை கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும் என்று கடைசி நேரத்தில் சொன்னார்கள். "கலர்ஃபுல்லா இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கியவர்களும் அவர்களேதான். ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் துறைக்கு ஒரு நிறமாகப் போட்டிருந்த பட்டை வரைபடத்தில், சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. சரி, நிறத்துக்குப் பதில் சாய்கோடு போட்டு நிரப்பலாம் என்று உட்கார்ந்தேன்.

பட்டை வரைபடம் போடும் பார்பிளாட் (barplot) கட்டளையில் அதற்கு வழி இருக்கிறது. டென்சிட்டி என்றால் அங்குலத்துக்கு எத்தனை கோடு. ஆங்கிள் என்றால் எத்தனை டிகிரி சாய்வு. நாம் சொல்லாவிட்டால் 45. குறுக்கும் நெடுக்குமாக வேண்டுமென்றால் 45-இல் ஒரு முறை வரைந்து, ஆட் என்பதற்கு ட்ரூ கொடுத்து, அதன் மேலேயே 135-இல் மறுபடி வரைய வேண்டும். துறைக்கு ஒரு தினுசு என்று ஆசையாகச் செய்து அனுப்பினேன்.

ஒரு துறைத்தலைவர் எண்களைப் பார்க்கவே இல்லை. "எங்க பட்டை மட்டும் ஏன் வெளிறிப் போயிருக்கு? பக்கத்துல அவங்களுக்கு அவ்ளோ கோடு!"

அவருக்கு டென்சிட்டி 8, பக்கத்துத் துறைக்கு 30. "சார், அது வெறும் அடையாளம். உயரம்தான் கணக்கு" என்றேன்.

"பார்க்கிறவனுக்கு அது தெரியுமா?"

நியாயமான கேள்விதான். நெருக்கமான கோடு கண்ணுக்கு 'அதிகம்' என்றே படும். எல்லோருக்கும் 20 என்று சமத்துவத்தை நிலைநாட்டி, கோணத்தை மட்டும் மாற்றினேன். 45-உம் 135-உம் அடுத்தடுத்து நின்றதில், நேராக நிற்கும் பட்டைகள் சாய்வது போலத் தெரிந்தன. கணக்குப் பிரிவு மேடம் மெதுவாகக் கேட்டார்: "எங்க டிபார்ட்மென்ட் விழப்போகுதுன்னு சொல்ல வர்றீங்களா?"

இதற்குள் பக்கத்து மேசைத் தம்பி உதவிக்கு வந்தான். ஜிஜிபேட்டர்ன் (ggpattern) என்ற ஆர் கூடுதல் தொகுப்பில் பட்டைக்குள் படத்தையே நிரப்பலாம். மாதிரிப் படமாகப் பூனைக்குட்டியைக் கேட்கும் வசதிகூட இருந்தது. (அதை எழுதியவர்கள் இப்படியான அலுவலகங்களைப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.) சும்மா விளையாட்டுக்குச் செய்து காட்டினான். துறைத்தலைவர் சார் எட்டிப் பார்த்தார். "இது நல்லாருக்கே. எங்களுக்கு இதையே வைங்க."

கடைசியில் மேலதிகாரி தலையிட்டார். "பட்டைக்குக் கீழேயே துறைப் பேர் இருக்கே, அப்புறம் கோடு எதுக்கு? எடுத்துடுங்க." டென்சிட்டிக்கு 0 கொடுத்தேன். கோடும் இல்லை, நிறமும் இல்லை, வெறும் கட்டங்கள்.

சார் மறுபடி வந்தார். "என்னப்பா, எல்லாமே காலியா இருக்கு? இந்த வருஷம் யாருமே வேலை செய்யலையா?"