லாங் பிராஞ்ச் 1943: வெட்டுப்பட்ட ரைஃபிளுக்கு மரம் பொருத்திய அனுபவம்

நான் குடியிருப்பது கனடாவில், மிசிசாகாவில். வீட்டிலிருந்து ஏரிக்கரைச் சாலையில் சிறிது தூரம் போனால் ஒரு பழைய கட்டடம் வரும். இன்று அது கலை மையம். இரண்டாம் உலகப் போரின்போது லாங் பிராஞ்ச் ஆயுதத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடமாக இருந்தது. 1941 தொடங்கி அந்தத் தொழிற்சாலையில் லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிள்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல் உருவாயின. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். என் கைக்கு வந்த ரைஃபிளின் இடப்பக்கத்தில் 'லாங் பிராஞ்ச் 1943' என்று பொறித்திருக்கிறது. பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆனால் பாதி மரம் இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

போர் முடிந்ததும் இவை மலிவாக விற்பனைக்கு வந்தன. மான், மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்கி, எடை குறைய வேண்டும் என்று குழலுக்கு அடியில் ஓடும் மரமான முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள், குழலின் மேலே மூடும் மரமான மேல்மூடிகளைக் கழற்றி எறிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவந்த கருவி அது. ஆனாலும் அறுபட்ட அந்த முனையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. அப்போதெல்லாம் ஊரில் தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில் நின்ற காவலரின் தோளில் 'த்ரீ நாட் த்ரீ' தொங்கியது. மூக்கு வரை மரம் மூடிய அந்த உருவம் சிறுவயதில் கண்ணில் பதிந்தது. அது இதற்கு அண்ணன், நம்பர் 1. இரண்டுக்கும் தோட்டா ஒன்றுதான்.

பாதுகாப்புப் பயிற்சி முடித்து உரிமம் வாங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். முதலில் குழலை அளந்தேன். 25.2 அங்குலம், முழுசாக இருந்தது. குழலையும் அறுத்திருந்தால் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வழியில்லை. ராணுவ உபரிச் சாமான் விற்பவர் ஒருவரிடம் பயன்படுத்தாத வால்நட் முன்கட்டையும் இரண்டு மேல்மூடிகளும் கிடைத்தன. மேலே மெழுகு மாதிரி காப்புக் கிரீஸ் அப்பியிருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஜூலை வெயிலில் வைத்து, உருகி வழிந்ததைத் துடைத்துத் துடைத்து எடுக்கவே மூன்று நாள் ஆயிற்று.

தோளில் வைக்கும் பின்கட்டையில் பெரிய சிக்கல் இல்லை. உள்ளே ஒரே ஒரு நீண்ட போல்ட், அதற்கு ஒரு நீண்ட திருப்புளி வேண்டும், அவ்வளவுதான். நம்பர் 1 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: முன்கட்டையைக் கழற்றாமல் அந்த போல்ட்டைத் திருப்பாதீர்கள். அதன் சதுர நுனி முன்கட்டையோடு பிணைந்திருக்கும், திருப்பினால் மரம் பிளக்கும். நம்பர் 4-இல் அந்தப் பிணைப்பு இல்லை. இருந்தாலும் முன்கட்டையை முதலில் எடுக்கும் வழக்கத்தையே நானும் வைத்துக்கொண்டேன். பின்கட்டை நான்கு நீளங்களில் வந்தது, ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் வித்தியாசம். என் கைக்குக் குட்டை அளவுதான் சரி.

உண்மையான வேலை முன்கட்டையில் இருக்கிறது. வாங்கிய அன்றே மாட்டிப் பார்த்தேன், இறங்கவில்லை. இறங்கவும் கூடாது. பொருத்துபவர் இழைத்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்றுதான் புதுக் கட்டையில் கூடுதலாக மரம் விட்டிருப்பார்கள். தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டையும் (இது பின்கட்டை போல்ட் அல்ல) தோட்டாக் கூடான மேகசினையும் கழற்றி, தோட்டா அறை காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, இரும்பின் அடிப்பக்கத்தில் கறுப்பு மசியைப் பூசினேன். கட்டையை அழுத்தி எடுத்தால் எங்கே கறை படிகிறதோ அங்கே இரும்பு முட்டுகிறது. அந்தக் கறையை மட்டும் கூரான உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி மசி, மறுபடி அழுத்தம், மறுபடி சுரண்டல். ஒரு மாலைக்குப் பதினைந்து இருபது தடவை.

இந்த இடத்தில்தான் தப்பு செய்தேன். முன்கட்டையின் பின்கோடியில், உள்ளே, இரு பக்கமும் சரிவான இரண்டு முகங்கள் உண்டு. ஆயுதக் கம்மியர்கள் இவற்றை டிராஸ் என்பார்கள். சுடும்போது பின்னுதையில் ரைஃபிளின் இரும்பு உடல் இந்த இரண்டு முகங்களின் மேல்தான் அழுந்துகிறது. கட்டை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்வதும் இவைதான். மற்ற இடமெல்லாம் சுரண்டிய கை அங்கேயும் சுரண்டிவிட்டது. கறை படிந்தது, எடுத்தேன். கட்டை சுகமாக உள்ளே போனது, எனக்கும் சந்தோஷம்.

சுடுகளத்தில் 100 மீட்டரில் பத்துத் தோட்டா. முதல் மூன்று ஒன்றையொன்று ஒட்டி விழுந்தன. பிறகு மேலும் கீழுமாக ஒரு சாண் அகலத்துக்குச் சிதறின. வீட்டுக்கு வந்து கட்டையைப் பிடித்து ஆட்டினால் மெலிதாக நகர்ந்தது. அந்த இரவு தூக்கம் வரவில்லை. எழுபது எண்பது வருடம் யாரும் தொடாத மரத்தை நான் கெடுத்துவிட்டேன் என்றே தோன்றியது.

எங்கள் சங்கத்தில் முன்பு ராணுவப் பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கெடவில்லை, பட்டறையில் வாரத்துக்கு ஒன்று இப்படி வரும்" என்றார். தேய்ந்த முகத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, கடினமான மேப்பிள் துண்டை ஒட்டு வைத்து, மறுபடி பொருத்த வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: ஒட்டுத் துண்டின் வெட்டுமுகம் இரும்பைப் பார்க்க வேண்டும், நார் நீளவாக்கில் ஓட வேண்டும். நார் குறுக்கே ஓடினால் பின்னுதை அதை நசுக்கிவிடும். நகத்தளவே உள்ள இரண்டு துண்டுகளுக்கு ஒரு முழு சனிக்கிழமை போயிற்று. எபாக்சி காய ஒரு நாள். இந்த முறை ஒரு தடவைக்கு ஒரு சுருள் தூசிதான் எடுத்தேன். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் மட்டுமே கட்டை உட்கார வேண்டும். கழற்றும்போதும் முனையைப் பிடித்து நெம்பாமல் நேராகக் கீழே இழுக்க வேண்டும். நெம்பினால் ஒட்டு பெயர்ந்துவிடும். கட்டையின் வால் பின்னாலுள்ள இரும்பில் முட்டாமல் ஒரு தாள் நுழையும் இடைவெளியும் வைத்தேன்.

அடுத்தது குழல். நம்பர் 4-இன் குழல் பின்னால் தடித்த இடத்தில் கட்டையில் படுக்கும், நடுவில் எங்கும் தொடாது, முனையில் மட்டும் கட்டை அதை 2 முதல் 7 பவுண்டு வரை மேல்நோக்கி அழுத்தும். இதை அளக்க எங்கள் வீட்டில் கருவி இருந்தது: சென்னை போகும்போது பெட்டியின் 23 கிலோவைச் சரிபார்க்கும் தொங்கு தராசு. ரைஃபிளை வைஸில் பிடித்து, குழல் முனைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் துண்டைச் செருகி, குழலைத் தராசால் மேலே இழுத்தேன். தாள் விடுபட்டபோது தராசு 1.9 கிலோ காட்டியது. நான்கு பவுண்டுக்குச் சற்று மேல். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

விசை, அதாவது விரலால் இழுக்கும் டிரிகர், வேறொரு பாடம் நடத்தியது. இந்த மாதிரியில் விசை தொங்குவது ரைஃபிளின் உடலிலிருந்து அல்ல, கட்டைக்கு அடியில் விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையமான விசைக் காப்பிலிருந்து. மரம் மெலிந்தால் காப்பு மேலே ஏறும், விசையும் கூடவே ஏறி உள்ளே அழுத்தத் தொடங்கும். இரண்டு கட்டமாக வர வேண்டிய இழுப்பில் என்னுடையதில் முதல் கட்டமே காணோம். இது ஆபத்து, கைபட்டாலே வெடித்துவிடக்கூடும். காப்பு உட்காரும் இடத்தில் மெல்லிய மரச்சீவல் ஒட்டி, காப்பையும் கட்டையையும் இரும்பு உடலோடு பிடிக்கும் கிங் ஸ்க்ரூவை முழுசாக இறுக்கிய பிறகு, காலி ரைஃபிளைச் சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து, பின்கட்டையைத் தரையில் தட்டித் தட்டிச் சோதித்தேன். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால் ராணுவத்துக்கும் இதே தொல்லைதான். 1949-இல் வந்த நம்பர் 4-இன் திருத்திய வடிவமான மார்க் 2-இல் விசையை உடலிலேயே தொங்கவிட்டார்கள். அதைப் படித்திருக்கிறேன், ஆனால் என் விரலில் உணர்ந்த பிறகுதான் விளங்கியது.

கடைசியில் எண்ணெய். கடையில் வார்னிஷை நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். பச்சை ஆளிவிதை எண்ணெயை இளஞ்சூடாக்கி உள்ளங்கையால் தேய்த்தேன், தினமும் ஒரு பூச்சு, பத்து நாள். குழல் படுக்கும் பள்ளத்தையும் விடவில்லை, ஈரம் புகுவது அந்த வழியாகத்தான். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போட வேண்டும்.

செப்டம்பரில் மறுபடி சுடுகளம் போனேன். பத்துத் தோட்டாவும் உள்ளங்கைக்குள் அடங்கின. பெரியவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டையைக் கையால் ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "குளிர்காலம் வரட்டும்" என்றார். ஹீட்டர் ஓடினால் வீட்டுக் காற்று வறண்டுபோகும், மரம் சுருங்கும். ஜனவரியில் கிங் ஸ்க்ரூவை இறுக்கி, விசையை இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.