ஆர்ட்டிபோனிட் அரிசி

மொன்றியலில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பதினொரு வருடமாகச் 'சமகால உலகம்' என்ற பாடம் படிப்பிக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். கனடாவில் ஹெய்ட்டிக்காரர் மிக அதிகமாக வாழும் நகரம் இது. அதனால் ஹெய்ட்டியைப் பற்றிக் கதைக்கும்போது வகுப்பில் ஓரிருவருக்காவது அது அம்மாவின் ஊராக இருக்கும்.

2025 பெப்ரவரியில் அந்தப் பாடத்தை வழக்கம்போலவே தொடங்கினேன். 2010 ஜனவரி 12 நிலநடுக்கம், இடிந்து சரிந்த ஜனாதிபதி மாளிகையின் படம். பிறகு இன்றைய நிலை: தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் பிடியில், சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் 10 இலட்சத்துக்கும் மேல், அவர்களில் பாதிக்கு மேல் சிறுவர்கள். மணி அடிக்கும் நேரம் முன்வரிசைப் பையன் எழும்பி, "மடாம், நாங்கள் அரிசி சேர்த்து அனுப்புவோமா?" என்று கேட்டான். வகுப்பே கை உயர்த்தியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கை உயர்த்தாத ஒரு பிள்ளை எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள். "எங்கள் அம்மம்மா மியாமி அரிசியை வீட்டுக்குள் எடுக்கவே விடமாட்டா, மடாம்" என்றாள். அப்படி ஓர் அரிசியை நான் கேள்விப்பட்டதில்லை. வெளியிலிருந்து வரும் அமெரிக்க அரிசியை ஹெய்ட்டியில் அப்படித்தான் சொல்வார்களாம். அம்மம்மாவின் குடும்பம் ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கில் நெல் விதைத்த குடும்பம். விற்றால் விதைத்த காசும் வராது என்று ஆனதும் மகன்மார் இரண்டு பேர் வயலை விட்டுத் தலைநகருக்குப் போனார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தேடி வாசித்தேன். 1980களின் தொடக்கம்வரை ஹெய்ட்டி தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. 1990களின் நடுவில், வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால், அரிசி இறக்குமதி வரி 3 வீதமாகக் குறைக்கப்பட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. அந்தக் கொள்கை தவறு என்று 2010இல் பில் கிளிண்டனே அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். இத்தனை வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிற எனக்கு இது தெரியாது. இடிபாட்டுப் படத்தோடு தொடங்கினால் பிள்ளைகளின் மனதில் இரக்கம் வரும், 'ஏன்' என்ற கேள்வி வராது. அந்தப் பழக்கத்தை நான்தான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறேன்.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் ஆர்ட்டிபோனிட் ஆற்றை மட்டும் வரைந்தேன். இரண்டு கிழமை அந்த ஆற்றோடேயே போனோம். 1950களில் பெலிக்ர் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன விளைநிலங்கள். அதற்குக் கீழே நெல் வயல்கள். 2010 ஒக்ரோபரில் மிர்பலே ஊருக்குப் பக்கத்திலிருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு கிளையாற்றில் கலந்து, அங்கிருந்து இந்த ஆற்றுக்கு வந்தது. அதற்கு முன் குறைந்தது நூறு வருடமாக அந்த நாட்டில் கொலரா பதிவானதில்லை. 8 இலட்சம் பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், சுமார் 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்தான். "ஆறு வருடமா?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். ஓம், ஆறு வருடம். தன் காலனியாக இருந்த ஹெய்ட்டியின் சுதந்திரத்தை அங்கீகரிக்க 1825இல் பிரான்ஸ் சுமத்திய கடன் 1947வரை இழுபட்டதைச் சொன்னபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் முன்வரிசைப் பையன் விடவில்லை. "அப்போ அனுப்பக்கூடாதா, மடாம்? இன்றைக்குப் பசியோடு இருப்பவர் என்ன செய்வார்?" நியாயமான கேள்வி. அந்த நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதிய உணவில்லை. அவர்களுக்கு எந்த ஊர் அரிசியும் அரிசிதான். அதையே சொன்னேன். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட முற்றத்தில், அந்தப் புழுக்கத்தில், குளிர்க்கோட்டுகள் குவிந்து கிடந்ததையும் சொன்னேன். தந்தவர்களின் மனதில் குறையில்லை. எங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் மூன்று நாள் வாதாடினார்கள். உலக உணவுத் திட்டம் ஹெய்ட்டியின் பள்ளிச் சாப்பாட்டுக்கு அங்குள்ள விவசாயிகளிடமும் பொருள் வாங்குகிறது என்பதைத் தேடிப்பிடித்தது அந்தப் பையன்தான். கடைசியில் அரிசிக்குப் பதிலாகக் காசு சேர்த்தார்கள்.

கடைசி நாளில் 2024 ஒக்ரோபர் 3 வந்தது. அதே பள்ளத்தாக்கில், போன்ட்-சொண்டே என்ற ஊருக்குள் ஆயுதக் குழு புகுந்து 70 பேருக்கு மேல் கொன்ற நாள். உயிர் தப்பிய ஆயிரக்கணக்கானவர்கள் கடற்கரைப் பக்கம் ஓடினார்கள். நான் சொல்லி முடித்ததும், அன்றைக்குக் கை உயர்த்தாத அந்தப் பிள்ளை எழும்பி வந்து சோக்கை வாங்கினாள். ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு புள்ளி வைத்து, செயின்ட்-மார்க் என்று எழுதினாள்.

"கடைசி மாமா வயலை விட்டுப் போகவில்லை, மடாம். இப்போ இங்கே இருக்கிறார்."