கண்ணாடி அலுமாரியில் இப்போது சார்ஜர் வயர்கள்

போன சனிக்கிழமை பின்னேரம் மருமகனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் நகருக்குப் போனேன். அவனுக்குப் பதினொரு வயது நிறைந்திருந்தது. “மாமி, வீடியோ கேம் கடைக்குப் போய் ஒன்றைப் பார்த்து எடுப்போம்” என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பார்த்து எடுப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. மேசைக்குப் பின்னால் எட்டு விளையாட்டு இறுவட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, எடுக்கப்போகிறவரின் பெயரையும் கட்டவேண்டிய மிச்சக் காசையும் எழுதியிருந்தார்கள். எட்டில் ஐந்து, ஒரே காற்பந்து விளையாட்டு.

“மற்றவை எங்கே தம்பி?” என்று கேட்டேன்.

“முற்பணம் கட்டினால் மட்டுந்தான் இப்போது எடுப்பிக்கிறோம், அக்கா. பெயரைச் சொல்லுங்கள், பாதிக் காசு கட்டுங்கள், மூன்று கிழமையில் வந்துவிடும்.”

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். எந்தப் பெயரைச் சொல்வான்? பெயர் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கத்தானே அவன் வந்திருந்தான்.

இதே கடையில் 2018இல் ஆளுயரக் கண்ணாடி அலுமாரி ஒன்று நின்றது. கதவு பாதியில் இறுகும். கொஞ்சம் தூக்கித் தள்ளவேண்டும். உள்ளே புதியவையும் பழையவையும் கலந்து கிடக்கும். பெருவிரலால் ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டே போவேன். அப்படிப் போனபோதுதான் சிவப்புக் கோடுகள் தீட்டிய வெள்ளை ஓநாய் ஒன்று அட்டையிலிருந்து என்னைப் பார்த்தது. ஒகாமி என்ற பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை.

நான் சித்திரம் படிப்பிக்கிறவள். அந்த விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் உலகம் அப்படியே நின்று பழுப்புக் கடதாசியாகிவிடும்; கையில் மைத் தூரிகை வந்துவிடும். இருண்ட வானத்தில் ஒரு வட்டம் வரைந்தால் சூரியன் உதிக்கும். பட்ட மரத்தைச் சுற்றி வளையம் போட்டால் பூத்துக் குலுங்கும். முதல் வட்டத்தைக் கோணலாகத்தான் வரைந்தேன். ஆனாலும் வெளிச்சம் வந்தது. அந்த இரவு நான் நித்திரை கொள்ளவே இல்லை.

பிறகுதான் அதன் கதையை வாசித்தேன். 2006இல் சோனியின் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 2இற்கு வந்த விளையாட்டு அது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனையோ மந்தம். அதை உருவாக்கிய குளோவர் ஸ்டூடியோவைத் தாய் நிறுவனமான கப்கொம் 2007இல் மூடிவிட்டது. வாய்வழியாகப் பேசப்பட்டுப் பேசப்பட்டே அது பிழைத்து, 2017இன் கடைசியில் பிளேஸ்டேஷன் 4 வரைக்கும் வந்தது. இப்படியான ஒன்றுக்கு நம்மூரில் யார் முன்கூட்டியே காசு கட்டுவார்கள்? விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டிய விளையாட்டின் பெயர்தான் முன்பதிவுக் கொப்பியில் ஏறும்.

கடைக்காரரின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2022 மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி, 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. 70 டொலர் விலையில் வரும் ஒரு விளையாட்டு அலுமாரியில் கிடந்தால் அவருடைய முதல் அதற்குள் முடங்கிக் கிடக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை அப்படியே தூக்கி வாங்குகிறவன் தலையில் வைப்பது நியாயமில்லை. சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு வெளிவருமுன்பே 80 இலட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். 2020 டிசம்பர் 10இல் அது வந்தபோது பிளேஸ்டேஷன் 4இல் ஒழுங்காக ஓடவே இல்லை. எட்டே நாளில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, அங்கே வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. நம்மூரில் பாதிக் காசு கட்டியவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? பற்றுச்சீட்டில் “முற்பணம் மீளளிக்கப்படமாட்டாது” என்று முத்திரை குத்தியிருக்கிறது.

இணையத்தில் வாங்கலாமே என்பார்கள். பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது வரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. வேறு நாட்டுக்காரர் என்று சொல்லித்தான் நாம் உள்ளே போகிறோம். இறுவட்டென்றால் விளையாடி முடித்து மற்றவருக்குக் கொடுக்கலாம்; என் ஒகாமி இதுவரை நான்கு வீடு போய் வந்துவிட்டது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியோரக் கடைகளுக்கு முன்னால் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்னது வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் எழுதிக்கொண்டு வருவதில்லை. பார்க்கும், தொடும், ஒன்றை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். மருமகனுக்கும் அப்படி அடம்பிடிக்க ஏதாவது கண்ணில் பட்டிருக்கவேண்டும்.

அந்த அலுமாரி இன்னும் அங்கேதான் நிற்கிறது. சார்ஜர் வயர்களும் போன் உறைகளும் தொங்குகின்றன. நான் அந்தத் தம்பியிடம் நேரடியாகவே கேட்டேன்: “என்னிடம் விளையாடி முடித்த இறுவட்டுகள் பன்னிரண்டு இருக்கின்றன. கொண்டுவந்து தருகிறேன். விற்றால் உங்களுக்கும் ஒரு பங்கு. கீழ்த்தட்டு ஒன்றை மட்டும் ஒதுக்கித் தருவீர்களா?”

கொஞ்சம் யோசித்தார். பிறகு மருமகனைப் பார்த்துச் சிரித்து, “அடுத்த சனிக்கிழமை வயரை எல்லாம் மேலே ஏற்றிவிடுகிறேன், அக்கா” என்றார்.

பதினொன்றைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டேன். ஒகாமியை மருமகன் எடுத்துக்கொண்டான்.