ஃபேர்ஃபோர்ட் மரியன்னை ஆலயத்தை வலம் வருதல்

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரைப் பார்ப்பார்கள், கேன்டர்பரிக்கும் போவார்கள். நான் எல்லாரிடமும் சொல்வது, ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் ஃபேர்ஃபோர்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்பதுதான். ஸ்விண்டனில் ரயிலை விட்டு இறங்கி சாலை வழியாகப் போக வேண்டிய ஒரு சின்ன ஊர். பேராலயம் எல்லாம் இல்லை, சாதாரண பங்குக் கோயில். ஆனால் 500 வருஷத்துக்கு முன்னால் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், 28 ஜன்னல்கள், ஏறக்குறைய முழு வரிசையாக அப்படியே நிற்கிற பங்குக் கோயில் இங்கிலாந்திலேயே இது ஒன்றுதான். மற்ற ஊர்களில் ஒரு ஜன்னல், அரை ஜன்னல், இல்லையென்றால் உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது, அவ்வளவுதான் மிஞ்சியது.

கட்டியவர் ராஜா இல்லை, ஆயரும் இல்லை. ஜான் டேம் என்கிற கம்பளி வியாபாரி. காட்ஸ்வோல்ட் மலைப்பக்கத்து ஆட்டு ரோமத்துக்கு அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கக் கிராக்கி, அந்தப் பணத்தில்தான் இந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் பெரிய பெரிய கோயில்கள் எழும்பின. இவர் ஊரில் இருந்த பழைய கோயிலை, நடுக்கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டும் விட்டுவிட்டு, புதிதாகவே கட்டினார். 1500-ல் அவர் இறந்துபோக, மகன் எட்மண்ட் டேம் மீதியை முடித்தார். கட்டட பாணி இங்கிலாந்தின் கடைசிக் கோதிக், அதாவது நேர்க்கோடுகள் மேலே மேலே ஓட, தூண்கள் மெலிந்து, சுவர் குறைந்து ஜன்னல் பெருத்துப்போன பாணி. சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள், கல் அதைத் தாங்குவதற்கு மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

கண்ணாடி வேலை 1500-க்கும் 1517-க்கும் இடையே நடந்தது. அரசரின் கண்ணாடிக் கலைஞராக இருந்த பார்னார்ட் ஃப்ளவரின் பட்டறைதான் செய்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள், கூட வேலை செய்தவர்களில் பிளாண்டர்ஸ் நாட்டுக்காரர்களும் உண்டு. நிறம் காய்ச்சும்போதே கண்ணாடிக்குள் ஏறிவிடும். முகம், கை, துணி மடிப்பு எல்லாம் பழுப்பு மையால் வரைந்து சூளையில் சுடுவது. முடிக்கும் கிரீடத்துக்கும் வருகிற அந்தப் பொன் மஞ்சள், வெள்ளிக் கலவையைப் பின்பக்கம் பூசிச் சுட்டதால் வருவது. அப்புறம் துண்டு துண்டாக ஈயப் பட்டையில் கோத்திருக்கிறார்கள்.

சரி, உள்ளே போனால் எங்கே ஆரம்பிப்பது? எல்லாரும் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு போட்டோ எடுக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வடக்குச் சுவரில், மாதா சிற்றாலயத்துப் பக்கம், ஏவாள் நிற்கிற ஜன்னல்தான் முதல். பக்கத்தில் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள்: எரியும் முட்செடி முன் மோசே, கிதியோனின் ஆட்டு ரோமம், சாலமோனைப் பார்க்க வந்த சேபா நாட்டு அரசி. அங்கிருந்து மாதாவின் பிறப்பு, மங்கள வார்த்தை, இயேசு பிறப்பு, மூன்று ராஜாக்கள் என்று கிழக்கே நடந்தால், பலிபீடத்துக்கு மேலே பெரிய ஜன்னலில் கீழ் வரிசையில் குருத்து ஞாயிறு பவனியில் தொடங்கி சிலுவை சுமப்பது வரைக்கும், மேலே முழுக்கச் சிலுவையில் அறைந்த காட்சி. பிறகு தெற்குப் பக்கம் அடக்கம், பாதாளத்தில் இறங்கியது, உயிர்ப்பு, எம்மாவு வழியில் சீடர்களுக்குத் தோன்றியது, விண்ணேற்றம், தூய ஆவி இறங்கியது. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு. நம் ஊர்க் கோயில்களில் வலம் வருகிற அதே திசைதான். நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சுற்றினேன், ஒவ்வொரு ஜன்னலுக்கும் நின்று. தேவ இரகசியங்கள் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே வந்துவிடுகின்றன.

தெற்குச் சிற்றாலயத்தில் தோமையார் இருக்கிறார். ஆண்டவருடைய விலாவில் கை வைக்கிற காட்சி. பரங்கிமலைக்கும் சாந்தோமுக்கும் சின்ன வயசிலிருந்து போய் வந்தவளுக்கு அந்த ஜன்னலைத் தாண்டி நடக்க முடியவில்லை. நம் மண்ணுக்கு வந்தவர் என்று நாம் கொண்டாடுகிற அதே திருத்தூதர், இந்த ஊர்க்காரர்களும் இத்தனை தலைமுறையாக அவரைப் பார்த்து "என் ஆண்டவரே, என் கடவுளே" என்று சொல்லியிருப்பார்கள் இல்லையா? அங்கேயே முழந்தாளிட்டேன்.

இந்தக் கோயிலின் ஆழம் இன்னும் மேற்கே போனால்தான் தெரியும். தெற்கு வரிசையில் பன்னிரண்டு திருத்தூதர்கள், ஒவ்வொருவரிடமும் நம்பிக்கை அறிக்கையின் ஒரு வரி. நேர் எதிரே வடக்கில் பன்னிரண்டு இறைவாக்கினர்கள், ஒவ்வொருவரிடமும் அந்த வரியை முன்னறிவித்த வசனம். நடுவில் உட்கார்ந்து செபிக்கிற மக்கள் அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறார்கள். தலைக்கு மேலே உயரத்து ஜன்னல்களில், வெயில் படாத வடக்குப் பக்கம் ஏரோது மாதிரி திருச்சபையைத் துன்புறுத்தியவர்கள், அவர்களுக்கு மேல் பேய்கள். வெயில் விழுகிற தெற்குப் பக்கம் மறைசாட்சிகளும் புனிதர்களும், அவர்களுக்கு மேல் சம்மனசுகள். சூரியன் எங்கே வரும், எங்கே வராது என்று பார்த்து வேத பாடம் எழுதியிருக்கிறார்கள்!

மேற்கு ஜன்னல் பொதுத் தீர்வை, அதாவது உலக முடிவில் எல்லாருக்கும் நடக்கிற தீர்ப்பு. வானவில்லின்மேல் ஆண்டவர், கீழே தராசோடு மிக்கேல் அதிதூதர், ஒரு பக்கம் பேதுரு வரவேற்கிற மோட்சம், இன்னொரு பக்கம் இரத்தச் சிவப்பில் நரகம். 1703 நவம்பர் பெரும்புயலில் இது நன்றாக அடிபட்டது, மேல் பாதி 1860-களில் புதிதாகச் செய்து வைத்தது. கீழ்ப்பாதிதான் பழையது, அந்தச் சிவப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மற்ற ஊர்களில் பதினாறாம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த காலத்திலும் அடுத்த நூற்றாண்டின் உள்நாட்டுப் போரிலும் இப்படிப்பட்ட ஜன்னல்களைக் கல்லால் அடித்தே நொறுக்கினார்கள். இங்கே தப்பித்தது. இரண்டாம் உலகப் போரின்போது எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள், 1988-ல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2010 வரைக்கும் போனது. இத்தனை தலைமுறை ஊர்ஜனம் மெனக்கெட்டதற்குக் கடவுள்தான் கூலி கொடுக்க வேண்டும்.

கிளம்புமுன் பலிபீடத்துக்கு இடப்பக்கம் ஜான் டேமின் கல்லறையைத் தேடிப் பாருங்கள். அவரும் மனைவி ஆலிஸும் பித்தளைத் தகட்டில் இருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் நாலு வரி. இயேசுவின் அன்புக்காக எனக்காகச் செபியுங்கள், இனி என்னால் செபிக்க முடியாது, நீங்கள் செபியுங்கள், ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமும் சொல்லுங்கள், என் வேதனை தீரட்டும் என்கிறார். இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியவர் வழிப்போக்கரிடம் கேட்பது அது ஒன்றுதான். உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக, அதாவது மோட்சம் போகுமுன் வேதனைப்பட்டுத் தூய்மையாகிற ஆன்மாக்களுக்காகச் செபிப்பது பின்னால் அந்த நாட்டில் ஒழிக்கப்பட்டது, எத்தனை கோயில்களில் இப்படிப்பட்ட வரிகளைச் சுரண்டி எடுத்தார்கள். நான் தமிழிலேயே இரண்டையும் சொன்னேன். போகிற ஒவ்வொருவரும் சொல்லுங்கள், எந்த மொழியிலும் சொல்லலாம்.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் டிடில்ஸ் என்ற கோயில் பூனைக்கும் ஒரு கல் இருக்கிறது, 1963 முதல் 1980 வரை வாழ்ந்தது, குழந்தைகளோடு போனால் காட்டுங்கள். கோபுரத்து வெளிச்சுவரில் விநோத உருவங்களும் உண்டு. இரண்டு வேளை போக முடிந்தால் நல்லது: பாடுகள் இருக்கிற கிழக்கு ஜன்னலுக்குக் காலை, தீர்வை இருக்கிற மேற்கு ஜன்னலுக்குச் சாயங்காலம். உயரத்து ஜன்னல்களுக்குப் பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் கண்ணுக்குச் சம்மனசுகளின் முகம் சரியாகத் தெரியாது.