தாஷ்கண்ட் கலண்டரில் மே 9

கந்தோரில் என் மேசைக்கு முன்னால் இரண்டு கலண்டர் தொங்குகிறது. ஒன்று நம்முடையது, போயா நாளெல்லாம் வட்டம் போட்டது. மற்றது நானே அடித்து ஒட்டிய உஸ்பெகிஸ்தான் லீவு நாட்கள். கொழும்பிலிருந்து தேயிலை அனுப்புகிற வேலை எனக்கு, தாஷ்கண்டில் எங்களுக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். முதல் வருடம் ஒரு மார்ச் 21 அன்று காலையிலிருந்து மெயிலுக்கு மேல் மெயில் போட்டும் யாரும் பதில் தரவில்லை. பின்னேரம் அங்கே வேலை செய்கிற ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் பெரிய கிடாரம் ஒன்றின் படத்தை அனுப்பி, கீழே "இன்று நவ்ரூஸ்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

நவ்ரூஸ் அங்கே வசந்த காலப் புத்தாண்டுப் பண்டிகை. அந்தக் கிடாரத்தில் இருந்தது சுமலக் என்ற இனிப்புக் களி. கோதுமையை ஊறவைத்து முளைக்கவிட்டு, அரைத்துப் பால் பிழிந்து, மாவும் எண்ணெயும் சேர்த்துப் பின்னேரம் அடுப்பில் ஏற்றினால் விடிகிறவரைக்கும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சீனி ஒரு கரண்டிகூடப் போடுவதில்லை, முளைவிட்ட கோதுமையின் இனிப்புத்தான். அடிப்பிடிக்காமல் இருக்கக் கழுவிய சின்னக் கற்களை உள்ளே போடுகிறார்கள், கிளறக் கிளற அவை கிடாரத்தின் அடியில் உருண்டு சத்தம் போடும். தெருவிலுள்ள பெண்களெல்லாம் முறை வைத்துக் கிளறுவார்கள், பாட்டும் கதையுமாக இரவு போய்விடும். காலையில் யாருடைய கோப்பையில் கல் வருகிறதோ அவர் மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டுமாம். தைப்பொங்கலன்று புக்கை இறங்கும்வரை அகப்பையைக் கையிலிருந்து விடாத அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

சோவியத் காலத்தில் இந்தப் பண்டிகையை ஒதுக்கி வைத்திருந்தார்கள், 1980களில் நவ்பஹோர் என்று பெயரை மாற்றிக் கொண்டாடச் சொல்லியும் பார்த்தார்கள். சனங்கள் விடவில்லை. இன்றைக்கு அது யுனெஸ்கோ பட்டியலிலேயே இருக்கிறது.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரி 1, மார்ச் 8 மகளிர் தினம், செப்டெம்பர் 1 சுதந்திர தினம் (1991 ஓகஸ்ட் 31 அன்று அறிவித்தார்கள், கொண்டாடுவது மறுநாள்), டிசம்பர் 8 அரசியலமைப்பு தினம். நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் அங்கே ஹயித் என்கிறார்கள், இரண்டுக்கும் லீவு உண்டு, அதோடு ஜனாதிபதி ஆணை போட்டு மேலதிக நாட்களும் கிடைப்பதுண்டு. இங்கே எங்கள் கணக்குப் பிரிவுத் தம்பி கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் பிறை அறிவிப்பு வரும்வரை நாளை லீவா இல்லையா என்று காத்திருப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு ஆணையால் லீவு வருவது புதிதாக இருந்தது.

ஒக்டோபர் 1 எனக்கு மிகவும் பிடித்த நாள். ஆசிரியர் தினம், உண்மையான அரச விடுமுறை. என் அம்மா முப்பத்து மூன்று வருடம் படிப்பித்தவர். இங்கே ஒக்டோபர் 6 அன்று பிள்ளைகள் பூங்கொத்தும் வெற்றிலையும் கொடுத்துக் கும்பிடுவார்கள், நல்லதுதான், ஆனால் ஒரு நாடு ஆசிரியருக்காகக் கந்தோரைப் பூட்டுகிறது என்று சொன்னபோது அம்மா இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

சரி, நான் எழுத வந்தது மே 9 பற்றி. ரஷ்யாவில் அது இரண்டாம் உலகப் போரின் வெற்றி தினம். உஸ்பெகிஸ்தான் 1999இல் அதை நினைவுகூரலுக்கும் மதிப்பளிப்புக்குமான நாள் என்று மாற்றியது. அதே வருடம் தாஷ்கண்டின் நடுவில் ஒரு தாயின் சிலையை வைத்தார்கள். தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் அணையாத தீ எரிகிறது. வேலையாகப் போன ஒரு மே மாதத்தில் அந்த அக்காதான் என்னைக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் செதுக்கிய மரத்தூண்களோடு நீண்ட மண்டபங்கள், சுவர் மாடங்களில் உலோகத் தகட்டாலான பெரிய புத்தகங்கள். போரில் செத்தவர்களின் பெயர்கள், மாகாணம் மாகாணமாக. தகடு பாரமாக இருந்தது, வெயிலில் சுட்டது. அக்கா ஐந்தாறு தகடுகளைப் பிரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். அவருடைய பாட்டனாரின் தம்பியாம். வேறொன்றும் சொல்லவில்லை, அந்த ஒரு வரியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

அது வெளியிலிருந்து வந்த எதிரியோடு நடந்த போர், எங்களுடையது ஒரே நாட்டுக்குள் நடந்தது, இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் 2009க்குப் பிறகு எங்களுக்கும் மே மாதம் வந்தால் நெஞ்சு கனக்கிறது. 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் கஞ்சி காய்ச்சி விளக்கேற்றுகிறார்கள், இப்போது வெள்ளவத்தைக் கடற்கரையிலும் சிலர் கூடுகிறார்கள். மறுநாள் படையினருக்கான அரச நிகழ்வு. ஒரே துக்கத்துக்கு இரண்டு நாள், இரண்டு இடம். வெற்றி என்ற சொல்லைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாயை நடுவில் உட்கார வைக்க ஓர் அரசால் முடியும் என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன். இங்கேயும் அது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

திரும்பி நடக்கும்போது அக்கா கேட்டார், உங்கள் நாட்டில் இதற்கு எந்த நாள் லீவு என்று. லீவு இல்லை என்றேன். அப்போ பெயர்களை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றார். படையினருடையது பத்தரமுல்லையில் இருக்கிறது, மற்றவர்களுடையது அவரவர் வீட்டில், படத்துக்குக் கீழே என்றேன்.