நீட் கெமிஸ்ட்ரி: கரைதிறனும் வெப்பநிலையும், நான் நம்பிய நாலு கோடும்

ரிசல்ட் வந்தாச்சு. பிசிக்ஸ் வழக்கம்போல காலை வாரியது, கெமிஸ்ட்ரிதான் தூக்கி நிறுத்தியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மெடிக்கல் இடம் கிடைக்கும் போலத்தான் தெரிகிறது. ஆனால் கவுன்சிலிங் முடிகிறவரை வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதற்குள் ஜூனியர்கள் "கெமிஸ்ட்ரிக்கு எப்படிப் படிச்சீங்க அக்கா?" என்று கேட்டுத் துளைக்கிறார்கள். மொத்த கெமிஸ்ட்ரியையும் எழுத எனக்குத் தெம்பில்லை. கரைசல்கள் பாடத்தில் வெப்பநிலை வருகிற பகுதியை மட்டும் எழுதுகிறேன். சின்னப் பகுதிதானே என்று எல்லோரும் தாண்டிப் போவார்கள். எனக்கோ அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் சமநிலையும் வெப்ப இயக்கவியலும் பிடிபட்டன.

முதலில் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நான் போன கோச்சிங்கில் "ஸ்டேட் போர்டு புத்தகத்தை மூடி வை, என்சிஇஆர்டி போதும்" என்றார்கள். மத்திய அரசின் அந்த என்சிஇஆர்டி புத்தகம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் நம்ம பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இந்தத் தலைப்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. அம்மோனியம் நைட்ரேட், சோடியம் குளோரைடு, செரிக் சல்பேட், கால்சியம் குளோரைடு என்று நாலு கோடு. கீழே வெப்பநிலை, பக்கத்தில் கரைதிறன், அதாவது 100 கிராம் நீரில் அதிகபட்சம் எத்தனை கிராம் கரையும் என்பது. புத்தகத்தைப் பார்க்காமல் அதைக் கையால் வரையுங்கள். ரஃப் நோட்டின் ஓரத்தில், பஸ் டிக்கெட்டின் பின்னால், எங்கே வேண்டுமானாலும். நான் படம் போட்டுப் படிக்கிற ஆள். வரி வரியாக ஒப்பிக்கிறவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம், அவர்கள் தங்கள் வழியில் போகட்டும்.

அம்மோனியம் நைட்ரேட் கோடு விறுவிறுவென்று மேலே ஏறும். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிற உப்பு அது. பத்தாம் வகுப்பு பிராக்டிகலில் அம்மோனியம் குளோரைடை நீரில் போட்டுக் கலக்கி, டெஸ்ட் டியூபின் அடியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், சில்லென்று இருக்கும். அதே சங்கதிதான் இங்கேயும். வெப்பத்தை வாங்கிக்கொண்டு கரைகிற பொருளுக்கு நாமே வெப்பத்தைக் கொடுத்தால், சமநிலை கரைகிற பக்கம் நகரும். லீ சாட்லியர் சொன்னது அவ்வளவுதான். செரிக் சல்பேட் வெப்பத்தை உமிழ்ந்து கரைகிறது, அதனால் அதன் கோடு இறங்கும்.

சோடியம் குளோரைடு கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். 100 கிராம் நீரில் 0 டிகிரியில் சுமார் 35.7 கிராம் கரையும், 100 டிகிரியில் சுமார் 39 கிராம். இந்த ஒரு கோடு புரிந்தால் தூத்துக்குடி உப்பளம் புரியும். கொதிக்கிற தெவிட்டிய (இதற்குமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பு கரைந்த) உப்புக்கரைசலைப் பனிக்கட்டி அளவுக்குக் குளிரவைத்தாலும் 100 கிராம் நீருக்கு மூணு கிராம் சொச்சம்தான் தேறும். ஆகவே நீரை ஆவியாக்காமல் உப்பு எடுக்க முடியாது. அதற்குத்தான் பாத்தி கட்டி வெயிலில் காயவிடுகிறார்கள். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், இதற்கு நேர் எதிர். 60 டிகிரியில் சுமார் 110 கிராம், 20 டிகிரியில் சுமார் 32 கிராம். அந்தக் காலத்தில் பீகாரில் மண்ணைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சியபோது, சாதா உப்பு சூட்டிலேயே அடியில் படிந்துவிடும், ஆறவைத்தால் வெடியுப்பு படிகமாக வரும். பின்னப் படிகமாக்கலை இதைவிட நன்றாக எந்த நோட்ஸும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நாலாவது கோடு கால்சியம் குளோரைடு. வில்லன். கரையும்போது கையைச் சுடுகிற அளவுக்கு வெப்பம் வரும், ஆனாலும் கரைதிறன் வெப்பநிலையோடு கூடத்தான் செய்கிறது. "வெப்ப உமிழ் என்றால் குறையும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். இதில் என்ட்ரோபிக்கும், அதாவது துகள்கள் ஒழுங்கு கலைந்து சிதறுகிற அளவுக்கும், பங்கு உண்டு என்று புத்தகமே சொல்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடும் இதே ஜாதி. கூற்று–காரணம் கேள்வியில் "எல்லா", "எப்போதும்" என்ற சொல் வந்தால் உடனே இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் கவனிக்க வேண்டியவை:

– 100 கிராம் கரைப்பானா, 100 கிராம் கரைசலா? கேள்வியில் அந்தச் சொல்லை வட்டம் போடுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.
– உதாரணம்: 60 டிகிரியில் 105 கிராம் தெவிட்டிய பொட்டாசியம் நைட்ரேட் கரைசல். அதில் நீர் 50 கிராம், உப்பு 55 கிராம். 20 டிகிரிக்கு ஆறினால் அந்த 50 கிராம் நீரில் 16 கிராம்தான் நிற்கும். படிவது 39 கிராம். 110-இலிருந்து 32-ஐக் கழித்து 78 என்று போட்டால் அந்த விடையும் ஆப்ஷனில் காத்திருக்கும்.
– தப்பான விடைக்குப் போவது ஒரு மார்க் இல்லை, வரவேண்டிய நாலோடு சேர்த்து ஐந்து.

இனி வாயுக்கள். நீரில் கரைகிற வாயுவுக்கு, நீட் அளவில், ஒரே திசைதான்: சூடு ஏறினால் கரைதிறன் இறங்கும். வாயு கரைவது வெப்ப உமிழ் செயல், சூடானால் மூலக்கூறுகள் தப்பித்து வெளியே ஓடிவிடும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் கொதி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஓரத்தில் குட்டிக் குட்டிக் குமிழ் ஒட்டியிருக்குமே, அது நீராவி இல்லை, கரைந்திருந்த காற்று. தண்ணீரில் ஆக்சிஜன் 0 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 14.6 மில்லிகிராம், 30 டிகிரியில் சுமார் 7.5. பாதிதான். கோடையில் விடியற்காலை குளத்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். இரவெல்லாம் செடிகளும் மீன்களும் சுவாசித்து இருந்ததையும் தீர்த்திருக்கும், பாவம். அனல்மின் நிலையத்துச் சுடுநீர் ஆற்றில் கலந்தால் வருகிற வெப்ப மாசும் இதே கணக்குதான், பயாலஜிக்கும் உதவும்.

இதில் பொறி வைப்பது ஹென்றி மாறிலியில், அதாவது வாயுவின் அழுத்தத்தையும் அது கரைகிற அளவையும் இணைக்கிற எண்ணில். ஆக்சிஜனுக்கு 293 கெல்வினில் 34.86 கிலோபார், 303 கெல்வினில் 46.82. மாறிலி கூடுகிறது, ஆகவே கரைதிறன் குறைகிறது. "மாறிலி கூடினால் கரைதிறன் கூடும்" என்று கை தானாக டிக் அடிக்கப் போகும். அழுத்தம் ஒரு பக்கம், மாறிலி பெருக்கல் மோல் பின்னம் (மொத்த மோல்களில் கரைந்த வாயுவின் பங்கு) மறுபக்கம் என்று சமன்பாட்டை ஒரு தடவை எழுதிப் பாருங்கள். பத்து விநாடிகூட ஆகாது.

மீதியைச் சுருக்கமாக:

– அழுத்தம் வாயுவுக்குத்தான். திட, திரவக் கரைபொருளுக்கு அழுத்தத்தால் சொல்லும்படியான மாற்றம் இல்லை.
– மோலாரிட்டி (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல்) வெப்பநிலையோடு மாறும், மோலாலிட்டியும் (ஒரு கிலோ கரைப்பானில் எத்தனை மோல்) மோல் பின்னமும் மாறாது. நேரம் மிச்சமாகிற கேள்வி இது, விடாதீர்கள்.
– சோடியம் சல்பேட் 32.4 டிகிரிவரை ஏறி, பிறகு இறங்கும். பத்து நீர் மூலக்கூறுகளோடு இருந்த படிகம் அந்த இடத்தில் நீரை விட்டுவிடுகிறது. கேட்டால் போனஸ், இதற்காக ராத்திரி கண்விழிக்க வேண்டாம்.
– சுண்ணாம்பு நீர், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, சூட்டில் குறைவாகக் கரையும். செரிக் சல்பேட் பெயர் மறந்தால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிசிக்ஸுக்கு என்னைக் கேட்காதீர்கள்.